ஓட்டு கார்டு கையில் இருக்கு, பட்டியலில் பேர் எங்கே?

தேர்தல் நெருங்கினால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி தவறாமல் சுற்றும். பூத்தில் பட்டியலைப் பார்க்கும்போது உங்கள் பேர் இல்லையென்றால் பதற வேண்டாம், ஆதாரையோ வாக்காளர் அட்டையையோ காட்டி 49ஏ-யின்படி 'சேலஞ்ச் ஓட்டு' கேளுங்கள். உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் 'டெண்டர் ஓட்டு' கேளுங்கள். ஒரு பூத்தில் டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே மறுவாக்குப்பதிவு. நாகர்கோவில் குடும்பக் குழுவில் கிளம்பும் இந்தச் செய்தி துபாய், மஸ்கட் எல்லாம் போய்விட்டு மறுபடியும் நம் போனுக்கே வந்து சேரும். தேர்தல் ஆணையமே இது பொய் என்று அறிவித்தும் நின்றபாடில்லை.

இதில் டெண்டர் ஓட்டு என்று ஒன்று இருப்பது மட்டும்தான் உண்மை. 49ஏ என்பது வாக்குப்பதிவு இயந்திரம் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்று சொல்கிற விதி. பேர் இல்லாதவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. 14 சதவீதக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் இதை நம்பி அனுப்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 18 வயதானால் ஓட்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அந்த ஓட்டு எந்த நோட்டில் எழுதப்பட்டிருக்கிறது, யார் எழுதுகிறார்கள், எப்போது அடிக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை.

## கார்டு வேறு, பட்டியல் வேறு

ஊர்க் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி பிரிக்கிற நோட்டைப் பார்த்திருப்பீர்கள். வருஷா வருஷம் கமிட்டிக்காரர்கள் அதைப் புதுப்பிப்பார்கள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனவன் புதுத் தலைக்கட்டாக ஏறுவான். குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டவரின் பேர் விடுபடும். ஊரில் அவருக்கு ஐம்பது சென்ட் தோப்பு கிடந்தாலும் குடியிருப்பு இல்லையென்றால் தலைக்கட்டு இல்லை. அவர் போன கொடையின் ரசீதைக் கொண்டுவந்து நீட்டினால், போன கொடைக்குக் கட்டினார் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். இந்த வருஷ நோட்டில் பேர் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி.

வாக்காளர் பட்டியல் அந்த நோட்டு. வாக்காளர் அட்டை அந்த ரசீது.

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 62-வது பிரிவில் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது: ஒரு தொகுதியின் பட்டியலில் பேர் இல்லாதவருக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இல்லை, பேர் இருப்பவருக்கு உண்டு. அட்டையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அட்டையின் வேலை, பட்டியலில் இருக்கிற ஆள் இவர்தான் என்று காட்டுவது. அதனால்தான் அது தொலைந்து போனாலும் ஆதார், பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, போட்டோ ஒட்டிய பாங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று ஏதாவது ஒன்றைக் காட்டி ஓட்டு போட முடிகிறது. வீட்டுக்கு வருகிற பூத் சிலிப் மட்டும் போதாது. அது பாக எண்ணும் வரிசை எண்ணும் தெரிந்துகொள்ள.

மார்த்தாண்டம் பக்கம் ஏதாவது ஒரு பூத் வாசலில் நின்றால் தேர்தலுக்குத் தேர்தல் இந்தக் குரலைக் கேட்கலாம்: "சாரே, போன தடவ போட்டனே, எனக்க பேரு எப்பிடி இல்லாம போவும்?" கையில் பளபளவென்று பிளாஸ்டிக் கார்டு. உள்ளே இருக்கிற தலைமை அலுவலர் பாவம், பட்டியலை மூன்று தடவை புரட்டிவிட்டுக் கைவிரிப்பார். புதிதாக ஒரு பேரைச் சேர்க்கிற அதிகாரம் அன்றைக்கு அந்த அறையில் யாருக்கும் கிடையாது.

## ஒரு பழைய கதை

தலைக்கட்டு நோட்டோடு ஒப்பிட்டதில் ஒன்றைக் கழிக்க வேண்டும். வாக்காளர் பட்டியலுக்கு வரி கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. குமரி அன்றைக்குத் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது. அதன் சட்டசபையான ஸ்ரீமூலம் சபைக்கு ஓட்டு போடும் உரிமை, நிலவரி கட்டுகிற வசதி உள்ளவர்களையும் படிப்பும் அந்தஸ்தும் உள்ளவர்களையும் சுற்றியே நின்றது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று இங்கே தேர்தல் நடந்தது 1948 பிப்ரவரியில். நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கும் முன்பே நம் தாத்தா பாட்டிமார் வரிசையில் நின்றுவிட்டார்கள். அப்புறம் 1951-52 பொதுத்தேர்தலில் இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாக ஓட்டு போட்டது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல்.

அந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்ததில் நடந்த ஒன்றை இன்றைக்கும் நினைவில் வைத்திருப்பது நல்லது. மொத்தம் 17 கோடிக்கும் மேற்பட்ட பேரை எழுத வேண்டியிருந்தது. வட மாநிலங்களில் பல பெண்கள் வேற்று ஆண்களிடம் தங்கள் பேரைச் சொல்ல மறுத்தார்கள். "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே பதிவானது. அப்படிப் பதிவு செய்ய முடியாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சொந்தப் பேர் தராத சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். பட்டியல் ஒழுங்கானது. அந்த 28 லட்சம் பேர் அந்தத் தேர்தலில் ஓட்டு போடவில்லை.

எந்தப் பட்டியலிலும் இரண்டு விதப் பிழை வரும். இருக்கக் கூடாதவர் இருப்பது ஒன்று, இருக்க வேண்டியவர் இல்லாமல் போவது இன்னொன்று. ஒன்றைக் குறைக்க இறுக்கினால் மற்றது கூடும். வாக்காளர் பட்டியல் பற்றி இந்த எழுபத்தைந்து வருஷமாக நடக்கிற சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் எதைப் பொறுத்துக்கொள்வது என்பதைப் பற்றியவைதான். என் கட்சி எது என்று கேட்டால், இறந்தவர் பேர் பட்டியலில் கிடப்பது அசிங்கம்தான், ஆனால் அதை யாராவது கள்ள ஓட்டாக மாற்ற அடையாளச் சோதனை, விரல் மை, பூத் ஏஜெண்டின் கண் எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். உயிரோடு இருப்பவர் பேர் விழுந்தால் ஓட்டு அந்த நிமிஷமே போச்சு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

## 'வழக்கமாக வசிப்பவர்' என்றால் யார்?

பட்டியலில் ஏற மூன்று தகுதி. இந்தியக் குடியுரிமை, 18 வயது, அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பது. வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது 1989-இல். இந்த 18 என்பது 'தகுதி நாள்' அன்று நிறைந்திருக்க வேண்டும். தகுதி நாள் என்றால் வயதைக் கணக்கிட எடுத்துக்கொள்ளும் தேதி. முன்பு ஜனவரி 1 மட்டும்தான். பிப்ரவரியில் பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஒரு வருஷம் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதிகள். 17 வயது முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பம் கொடுத்து வைக்கலாம்.

சிக்கலெல்லாம் மூன்றாவது தகுதியில். 'வழக்கமாக வசிப்பவர்' என்றால், அந்த ஊரைத் தன் இருப்பிடமாகக் கொண்டு அங்கே வாழ்கிறவர். இதற்கு இத்தனை நாள் என்று சட்டம் கணக்கு வைக்கவில்லை. இரண்டு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்கிறது. ஒன்று, வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிடமாட்டார். இரண்டு, தற்காலிகமாக வெளியே போயிருப்பதால் மட்டும் வசிப்பவர் என்ற நிலை போய்விடாது.

இதை நம் மாவட்டத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். குலசேகரத்தில் ஐந்து ஏக்கர் ரப்பரும் பூட்டிய வீடும் வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் குடும்பத்தோடு இருப்பவர், பத்மநாபபுரம் தொகுதியில் வசிப்பவர் இல்லை. மாதம் ஒருமுறை பால்வெட்டு கணக்குப் பார்க்க வருவது வசிப்பதாகாது. தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்துக் கரை திரும்புகிறவர், வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடந்தாலும் தூத்தூரில் வசிப்பவர்தான். குடும்பம் அங்கே, திரும்பி வருவதும் அங்கே. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற கருங்கல் பையன், வீட்டிலேயே பேரை வைத்துக்கொள்ளலாம், படிக்கிற இடத்திலும் சேர்க்கலாம். ஏதாவது ஒன்றுதான். பூதப்பாண்டியிலிருந்து தக்கலைக்குக் கல்யாணமாகி வந்த பெண்ணுக்கு, வந்த பிறகு அம்மா வீட்டில் கிடக்கிற பேர் சட்டப்படி சரியான இடத்தில் இல்லை. மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பது அடுத்து வருகிறது.

அதற்கு முன்னால், வந்த தூரத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுவோம். ஓட்டு அட்டையில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. பட்டியல் சொத்துக்காரர்களுடையது இல்லை, பிறந்த ஊர்க்காரர்களுடையதும் இல்லை, இன்றைக்கு அங்கே வாழ்கிறவர்களுடையது.

## ஒரு பாகத்தின் உள்ளே

மாவட்டத்தில் கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஒவ்வொன்றின் பட்டியலும் பாகம் பாகமாகப் பிரிந்திருக்கும். 'பாகம்' என்பது ஒரு வாக்குச்சாவடியின் எல்லைக்குள் இருப்பவர்களின் பட்டியல். மக்களவைக்குத் தனிப்பட்டியல் கிடையாது, இந்த ஆறும் சேர்ந்ததுதான் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியின் பட்டியல். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்ற வேறு அமைப்பு. அதுவும் இந்தப் பட்டியலை எடுத்துத்தான் வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறது.

ஒரு பாகத்தைத் திறந்து பார்த்தால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்தின் மேலே ஒரு மூலையில் வரிசை எண், இன்னொரு மூலையில் அட்டை எண். கீழே பேர், தகப்பனார் அல்லது கணவர் பேர், வீட்டு எண், வயது, பாலினம். பேர் நீக்கப்பட்டிருந்தால் கட்டத்தின் மேல் குறுக்காக முத்திரை விழுந்திருக்கும், வரிசை எண்ணுக்கு முன்னால் ஒற்றை ஆங்கில எழுத்து. இறந்தவருக்கு 'இ', இடம் மாறியவருக்கு 'எஸ்', இரண்டு தடவை பதிவானவருக்கு 'ஆர்'. ஒரு குடும்பத்தின் முப்பது வருஷக் கதையை இந்த எழுத்துகளை வைத்தே சொல்லிவிடலாம்.

பட்டியல் வீட்டு எண் வரிசைப்படி போகும். குமரி மேற்கில் இதுவே ஒரு தலைவலி. மற்ற மாவட்டங்களைப் போல இங்கே தெரு தெருவாக வீடுகள் இல்லை. தோப்புக்கு ஒன்று, மேட்டுக்கு ஒன்று என்று சிதறிக் கிடக்கும். ஆட்களுக்குத் தெரிந்தது விளையின் பேர்: பனவிளை, காட்டுவிளை, மேலவிளை. பஞ்சாயத்து எண் போட்டு, பிறகு மாற்றிப் போட்டு, நடுவில் முளைத்த வீட்டுக்கு 'ஏ', 'பி' சேர்த்து, கதவில் ஒரு எண், வரி ரசீதில் ஒரு எண், பட்டியலில் ஒரு எண் என்று நிற்கும். புதிதாக வந்த ஊழியர் பட்டியல் எண்ணை வைத்து அந்த வீட்டைத் தேடினால் கிடைக்காது.

தேடி வருகிறவர் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். பெரும்பாலும் ஒரு ஆசிரியரோ அங்கன்வாடி ஊழியரோ, தன் சொந்த வேலைக்கு மேல் இதையும் சுமக்கிறவர். ஒரு பாகத்தின் வீடுகளைச் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. ஆனால் சேர்க்கவும் நீக்கவும் முடிவெடுப்பவர் அவரில்லை. அது 'வாக்காளர் பதிவு அலுவலர்' என்ற வருவாய்த்துறை அதிகாரியின் வேலை. பி.எல்.ஓ.விடம் சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொண்டால் அவருக்குப் புண்ணியமாகப் போகும்.

விண்ணப்பங்களில் நமக்குத் தெரிய வேண்டியவை மூன்றே. புதிதாகப் பேர் சேர்க்கப் படிவம் 6. ஒரு பேரை நீக்கச் சொல்லவோ சேர்ப்பதை ஆட்சேபிக்கவோ படிவம் 7. வீடு மாறியது, எழுத்துப்பிழை, அட்டை தொலைந்தது எல்லாவற்றுக்கும் படிவம் 8. தக்கலைக்கு வந்த பெண்ணுக்குப் படிவம் 8 போதும். அட்டை எண் அப்படியே இருக்கும், பாகம் மட்டும் மாறும். படிவம் 6-ஐப் புதிதாகப் போட்டால் பழைய பேரும் புதுப் பேரும் இரண்டு இடத்தில் நிற்கும். நம் ஊரில் இரட்டைப் பதிவு பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது, களவு எண்ணத்தில் இல்லை.

## பேர் எப்படி விழுகிறது

சாதாரணமாக வருஷத்துக்கு ஒருமுறை 'சுருக்கத் திருத்தம்' நடக்கும். இருக்கிற பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு, வந்த விண்ணப்பங்களின்படி கூட்டிக் கழிப்பது. வரைவுப் பட்டியல் வெளியாகும், பூத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம் போடுவார்கள், ஆட்சேபம் கேட்பார்கள், ஜனவரி வாக்கில் இறுதிப் பட்டியல் வரும். இந்த முறையில் ஒருவரை 'இடம் மாறிவிட்டார்' என்று நீக்க, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது சட்டம். நோட்டீஸ் போவது பட்டியலில் உள்ள முகவரிக்கு. வீட்டு எண் குழம்பிக் கிடக்கிற இடத்தில் அது போய்ச் சேரும் அழகு உங்களுக்கே தெரியும். ஆள் கேரளத்தில் கட்டட வேலையில் இருப்பார், வீடு பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டில் "அவிய இப்பம் இங்க இல்ல" என்று சொல்லிவிடுவார்கள். 'இப்போது இல்லை' என்பது 'இடம் மாறிவிட்டார்' ஆகிவிடும்.

2025-இல் தமிழ்நாட்டில் நடந்தது இதைவிடப் பெரியது. 'சிறப்புத் தீவிரத் திருத்தம்'. இதில் பழைய பட்டியலைச் சும்மா விடுவதில்லை, வீடு வீடாகப் படிவம் கொடுத்து நிரப்பித் திரும்ப வாங்கி, அதை வைத்துப் பட்டியலைப் புதிதாக எழுதுகிறார்கள். நவம்பர் 4-இல் தொடங்கியது. டிசம்பர் 19-இல் வரைவு வெளியானபோது மாநிலத்தில் 6.41 கோடியாக இருந்த பேர்கள் 5.43 கோடியாகக் குறைந்திருந்தன. 97 லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் காணப்படாதவர்கள், இரட்டைப் பதிவு என்று காரணம் பிரித்தார்கள். அதில் பெரிய பங்கு நடுவில் உள்ள வகைக்கு.

இரண்டு முறைக்கும் உள்ள வித்தியாசம் பொறுப்பு யார் தோளில் என்பதுதான். சுருக்கத் திருத்தத்தில் பேர் இருக்கும், நீக்க விரும்புகிறவர் காரணம் காட்ட வேண்டும். தீவிரத் திருத்தத்தில் படிவம் திரும்ப வராவிட்டால் வரைவில் பேரே இருக்காது, சேர விரும்புகிறவர் படிவம் 6-ஐத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இதைச் சரி என்பவர்களும் தப்பு என்பவர்களும் நீதிமன்றம் வரை போனார்கள்.

குமரியில் இதற்கு ஒரு கூடுதல் சுற்று இருந்தது. 2002-2005 காலத்துப் பட்டியலில் தன் பேரோ பெற்றோர் பேரோ இருந்த விவரத்தைப் படிவத்தில் கேட்டார்கள். அந்தக் காலத்தில் மாவட்டத்தில் ஆறு தொகுதி இல்லை, ஏழு. திருவட்டார் என்ற தொகுதி 2008 மறுசீரமைப்போடு மறைந்துவிட்டது. ஆகவே இன்றைக்குப் பத்மநாபபுரத்திலோ விளவங்கோட்டிலோ ஓட்டு போடுகிற பலர் பழைய பேரைத் திருவட்டாரில் தேட வேண்டியிருந்தது. கல்யாணமாகி வந்த பெண்கள் அம்மா வீட்டு ஊரில், அப்பா பேருக்குக் கீழே தேட வேண்டியிருந்தது. தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிஷ வேலை, தெரியாதவர்களுக்குப் பத்து நாள் அலைச்சல்.

பேர் விழுந்திருந்தால் கேட்க வழி உண்டு. பதிவு அலுவலரின் முடிவு ஒப்பவில்லையென்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், அவர் முடிவுக்கு மேல் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். எல்லாமே தேர்தலுக்கு முன்னால் நடக்க வேண்டியவை. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியலின் கதவு சட்டப்படி அடைபட்டுவிடும், விசாரணைக்கும் நாள் வேண்டுமென்பதால் விண்ணப்பம் அதற்கும் முன்னதாகவே போயிருக்க வேண்டும்.

சுருக்கமாக: பேர் விழுவது தேர்தல் நாளில் இல்லை, பல மாதம் முன்னால், யாரும் கவனிக்காத ஒரு வரைவுப் பட்டியலில். தேர்தல் நாளில் நமக்குத் தெரிய வருகிறது, அவ்வளவே. பேர் இருக்கிறதா என்று 1950 என்ற எண்ணுக்கு அழைத்தோ ஆணையத்தின் இணையதளத்தில் அட்டை எண்ணைப் போட்டோ எந்த நாளிலும் பார்க்கலாம்.

## களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும்

எல்லையோரத்தில் ஒரு புகார் விடாமல் கேட்கும்: இங்கேயும் ஓட்டு, அங்கேயும் ஓட்டு. கல்யாண உறவு, வியாபாரம், வேலை எல்லாம் கேரளத்துப் பாறசாலை வரைக்கும் கலந்து கிடக்கிற இடத்தில் இரண்டு மாநிலப் பட்டியலிலும் ஒருவர் பேர் நிற்பது நடக்கக்கூடியதுதான். சட்டம் இதில் கறார். ஒருவர் ஒரு தொகுதியில்தான், அதுவும் ஒருமுறைதான் பதிவு பெறலாம். விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொன்னால் ஒரு வருஷம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும்.

2021 சட்டமன்றத் தேர்தலில் இரு மாநிலத்துக்கும் ஏப்ரல் 6 ஒரே நாள். 2024-இல் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு 26. அந்த ஒரு வார இடைவெளியில் மை காய்ந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள். வெள்ளி நைட்ரேட் கலந்த அந்த மை தோலையும் நகத்தையும் பிடித்துக்கொண்டால் நகம் வளர்ந்து வெளியேறும் வரை நிற்கும், ஒரு வாரம் அதற்கு ஒன்றுமில்லை.

## பூத்தில் கேட்கக்கூடியது

இப்போது சேலஞ்ச் ஓட்டுக்கு வருவோம். அது வாக்காளர் கேட்கிற உரிமையே இல்லை. வரிசையில் வந்து நிற்கிறவர் பட்டியலில் உள்ள ஆள் இல்லை என்று ஒரு கட்சியின் பூத் ஏஜெண்டுக்குச் சந்தேகம் வந்தால், அவர் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் எழுப்பலாம். ஆமாம், இரண்டு ரூபாய்தான். தலைமை அலுவலர் விசாரித்து, ஆள் சரிதான் என்றால் ஓட்டு போட விடுவார். வாட்ஸ்அப் செய்தி இதைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது.

டெண்டர் ஓட்டு வேறு. நீங்கள் போகும் முன்பே உங்கள் பேரில் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால், விதி 49P-யின்படி நீங்கள் கேட்கலாம். நீங்கள்தான் அந்த ஆள் என்று தலைமை அலுவலர் திருப்தியடைந்தால் அச்சடித்த வாக்குச்சீட்டு ஒன்று தருவார். இயந்திரத்தில் பொத்தான் அமுக்க முடியாது. சீட்டில் முத்திரை குத்தித் தர, அதை உறையில் போட்டு ஒட்டி வைப்பார்கள். இந்தச் சீட்டுகளைச் சாதாரண எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. தேர்தல் வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் உறை திறக்கும். 2008-இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் ஒரே ஒரு ஓட்டில் முடிவு ஆனபோது இந்த உறைகள் வழக்கின் நடுவில் வந்து நின்றன. அப்படியான நாள் அபூர்வம். ஆனால் டெண்டர் ஓட்டு கேட்டுப் பதிவு செய்தால், உங்கள் பேரில் கள்ள ஓட்டு விழுந்தது என்பதற்கு அதிகாரபூர்வமான தடயம் நிற்கும்.

இது இரண்டுமே பட்டியலில் இருக்கிற பேரைப் பற்றியவை. பேரே இல்லாதவருக்கு அன்றைக்கு எந்த விதியும் கைகொடுக்காது.

## பேர் இருந்தும் போட முடியாதவர்கள்

இவ்வளவு பாடுபட்டுப் பேரைக் காப்பாற்றி வைத்தும் ஓட்டு போட முடியாதவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. வளைகுடாவில் இருப்பவர் பாஸ்போர்ட்டில் உள்ள ஊர் முகவரியில் படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம், 2010-இல் வந்த சட்டத் திருத்தம் அது. ஆனால் ஓட்டு போட நேரில் வர வேண்டும். தம்மாமிலிருந்து டிக்கெட் எடுத்து அழகியமண்டபம் பூத்துக்கு வருகிறவர் எத்தனை பேர்? 2024-இல் நாடு முழுக்க இப்படிப் பதிந்திருந்தவர்களே சுமார் 1.2 லட்சம்தான், அதிலும் பெரும்பாலோர் பக்கத்துக் கேரளத்துக்காரர்கள்.

உள்நாட்டில் வேலைக்குப் போனவர்களுக்காக 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் ஒரு தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கட்சிகளுக்குக் காட்டியது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளலாம் என்றார்கள். கட்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை, பேச்சு அடங்கிவிட்டது.

கடலில் இருப்பவர்கள் கதை இன்னும் வினோதம். மீன்பிடித் தடைக்காலம் இந்த ஒரு மாவட்டத்திலேயே இரண்டு. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கணக்கில் வரும் குளச்சல், தேங்காப்பட்டணத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. 2019-இல் ஏப்ரல் 18, 2024-இல் ஏப்ரல் 19 என்று இரண்டு மக்களவைத் தேர்தலிலும் சின்னமுட்டம் விசைப்படகுகள் தடையால் கரையில் கட்டிக் கிடந்தன, ஆட்கள் ஊரில் இருந்தார்கள். அதே நாளில் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைக்காரர்களுக்குத் தொழில் காலம், தேங்காப்பட்டணத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் போன போட்டுகள் நடுக்கடலில். ஒரே மாவட்டம், ஒரே தொழில், பாதிப் பேருக்குத்தான் ஓட்டு.

தபால் ஓட்டு ராணுவத்தினருக்கு உண்டு, தேர்தல் பணியாளர்களுக்கு உண்டு, 85 வயது தாண்டியவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களுக்கும் உண்டு. ஆழ்கடல் மீனவருக்கு இல்லை. 1951 சட்டத்தின் 60-வது பிரிவின்படி, அரசோடு கலந்து ஒரு வகையினரைத் தபால் ஓட்டுக்குத் தகுதியானவர்களாக அறிவிக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது, முதியவர்களுக்கும் அத்தியாவசியப் பணியாளர்களுக்கும் அப்படித்தான் வழி திறந்தது. அறிவித்தாலும் ஒரு நடைமுறைச் சிக்கல் நிற்கும். வேட்பாளர் பட்டியல் இறுதியாகாமல் வாக்குச்சீட்டு அச்சிட முடியாது. 2024-இல் மனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் மார்ச் 30, வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மார்ச் நடுவில் கிளம்பிய போட்டுக்காரருக்கு அந்த இருபது நாளும் கடலிலேயே கழிந்திருக்கும். ஆகவே தபால் சீட்டோடு, தேர்தல் தேதி அறிவித்த உடனே துறைமுகங்களில் அந்த நாள்களைச் சொல்லி அறிவிப்பு வைக்க வேண்டியிருக்கும், அந்த இருபது நாளுக்குள் ஒருமுறையாவது கரையில் இருக்கும்படி பயணத்தைத் திட்டமிட.